பலகைச் சுவரில் ஒரு கடல்

எனக்குக் கடல் பிடிக்காது. ஜாசின் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து, பால் மரங்களுக்கு நடுவிலேயே வளர்ந்தவள் நான். எங்கள் லயத்து வீட்டு வாசலில் நின்று எந்தப் பக்கம் திரும்பினாலும் பார்வை கொஞ்ச தூரம்தான் போகும், மரம் மறித்துவிடும். அதுவே எனக்குப் பழகிப்போயிருந்தது. கல்யாணமாகி மலாக்கா டவுனுக்கு வந்த புதிதில் என் கணவர் என்னைத் தெங்கேராக் கரைக்கு அழைத்துப் போய்க் கடலைக் காட்டினார். மறிக்க ஒன்றுமே இல்லாத அந்த வெளியைப் பார்த்ததும் நான் அவர் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டேன். அவர் சிரித்தார். "இதுலதான் நமக்குச் சோறு" என்றார்.

அவர் தொங்கானில் வேலை செய்தார். மலாக்காவில் கரையோரம் ஆழம் கிடையாது. பெரிய கப்பல்கள் தூரத்திலேயே நங்கூரம் போட்டு நின்றுவிடும். தொங்கான் என்கிற அகலமான மரப்படகுகள் அங்கே போய்ச் சரக்கை ஏற்றிக்கொண்டு ஆற்றுக்குள் வரும். கப்பலிலிருந்து இறங்குகிற மூட்டைகளைத் தொங்கானில் நின்று வாங்கி அடுக்குவது அவர் வேலை. நல்ல உடம்புக்காரர். மூட்டை தூக்கித் தூக்கித் தோளில் காய்ப்பு விழுந்திருக்கும். அதில் என் விரலை வைத்து அழுத்தச் சொல்லி, வலிக்கவில்லை என்று பெருமைப்படுவார்.

மலாயா சுதந்திரத்துக்கு முந்தைய வருஷம் ஒரு காலையில், வலையில் கட்டி இறக்கிய அரிசி மூட்டைகள் அவர்மேல் வந்து இறங்கின. வலது காலை முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். இடது இடுப்பு எலும்பு ஒழுங்காகச் சேரவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து அவரைத் தூக்கிக்கொண்டு வந்து பாயில் உட்காரவைத்தபோது, இனிமேல் அவர் இருக்கப்போகிற இடம் அதுதான் என்று எனக்குத் தெரிந்தது. அவருக்கும் தெரிந்தது.

நடந்ததை இங்கே கொஞ்சம் விளக்கிச் சொல்லவேண்டும். சரக்கு இறக்கும்போது கப்பலின் விளிம்பில் ஓர் ஆள் நிற்பார். மூட்டைகள் வெளியே வந்ததும் அவர் கையை உயரத் தூக்கவேண்டும். கீழே இருப்பவர்கள் அதைப் பார்த்து ஒதுங்குவார்கள். எல்லாரும் ஒதுங்கியதும் கையை இறக்குவார். அதற்குப் பிறகுதான் மூட்டைகளைக் கீழே விடுவார்கள். அன்றைக்குக் கை காட்ட நின்றவர் எங்களுக்கு வேண்டியவர்தான். என் கணவரைவிடச் சின்ன வயது. என்னை அண்ணி என்று கூப்பிடுவார். எங்கள் வீட்டில் எத்தனையோ முறை சாப்பிட்டிருக்கிறார்.

கணக்கெழுதுகிற ஆபீஸ் கிராணி விசாரித்தபோது அவர், "நான் கை தூக்கினேன், அண்ணன்தான் மேல பாக்கலே" என்று சொன்னார். என் கணவர், "அவன் தூக்கவே இல்லே" என்றார். மற்ற ஆட்கள் மூட்டையைத்தான் பார்த்திருந்தார்கள், கையைப் பார்க்கவில்லை. என் கணவரின் கவனக்குறைவு என்று எழுதிக் கதையை முடித்துவிட்டார்கள். அந்த ஆள் ஆஸ்பத்திரிக்கு ஒரு தடவை வந்தார். என் கணவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அதோடு அந்த ஆள் வருவதை நிறுத்திவிட்டார்.

அப்போது நாங்கள் காஜா பேராங்கில் இருந்தோம். செட்டிகள் குடியிருக்கும் கம்போங் ஓரத்தில் ஒரு பழைய வீட்டின் பின்பக்கத்து அறையும் சமையல் சாய்ப்பும் எங்களுக்கு வாடகைக்குக் கிடைத்திருந்தன. வீட்டுக்காரம்மா செட்டிப் பெண்மணி, எத்தனையோ தலைமுறைக்கு முன்பே இங்கே வந்து மலாய்ப் பேச்சுக்கு மாறிவிட்ட தமிழர் வழி. நெற்றியில் திருநீறு, உடம்பில் மலாய்க்காரர்களைப்போலச் சாரோங்கும் கெபாயாச் சட்டையும். மாரியம்மனை எங்களைவிடப் பக்தியாகக் கும்பிடுவார், ஆனால் தமிழில் சேர்ந்தாற்போல நாலு வார்த்தை பேச வராது. பேச்செல்லாம் மலாயில்தான். அவர் பேசியதை இங்கே தமிழில் எழுதுகிறேன்.

நான் மசாலை அரைக்கிற கொட்டகை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தேன். மிளகாய் காயவைக்க, மல்லி புடைக்க, அரைத்த தூளைப் பொட்டலம் கட்ட. முதலாளி நம் பக்கத்து முஸ்லிம், நல்ல மனிதர். சாயங்காலம் வீட்டுக்குப் போனால் என் கை எரிந்துகொண்டே இருக்கும். என் கணவர் காலையில் நான் உட்காரவைத்த இடத்திலேயே உட்கார்ந்திருப்பார். பக்கத்தில் மூடிவைத்துவிட்டுப் போன சோறு பாதி அப்படியே இருக்கும். "ஏன் சாப்பிடலே?" என்று கேட்பேன். மாதக்கணக்கில் வீட்டில் என் குரல் மட்டும்தான் கேட்டது. கடைசியில் நானும் பேச்சைக் குறைத்துக்கொண்டேன்.

ஒருநாள் அவராகவே வாயைத் திறந்தார்.

"தெங்கேராப் பக்கம் கொஞ்சம் போயிட்டு வரியா?"

"என்னாத்துக்கு?"

"சும்மாதான். கரையில என்னா ஒதுங்கிக் கெடக்குதுன்னு பாத்துட்டு வந்து சொல்லு."

எனக்குக் கோபம்தான் வந்தது. நாளெல்லாம் நின்று வேலை செய்துவிட்டு வந்தவளைக் குப்பை பார்க்க அனுப்புகிறாரே என்று. ஆனால் அவர் ஒன்றைக் கேட்டு வெகுநாள் ஆகியிருந்தது. போனேன். தண்ணீர் வற்றியிருந்த நேரம். வீடுகளுக்குப் பின்னால் சேறு கறுப்பாக நாறிக்கொண்டு கிடந்தது. திரும்பி வந்து, "ஒரு கட்டை, ஒரு பழைய சிலிப்பர், ஒடஞ்ச போத்தல், கயிறு" என்று சொன்னேன்.

"கட்டைன்னா? பெட்டிப் பலகையா, படகுக் கட்டையா?"

"தெரியலே."

"போத்தல் என்னா நெறம்?"

"பாக்கலே."

"பின்னே என்னாத்தைப் பாத்துட்டு வந்தே?" என்று எரிந்து விழுந்தார். சண்டை போடவாவது பேசுகிறாரே என்று இருந்தது. அடுத்த நாள் ஒரு சாக்கை எடுத்துக்கொண்டு போனேன். கண்ணில் பட்டதையெல்லாம் போட்டு எடுத்துவந்து அவர் முன்னால் கொட்டினேன். "இந்தாங்க, நீங்களே பாருங்க."

அவர் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்தார். முகர்ந்துகூடப் பார்த்தார். கப்பலில் சரக்கு உருளாமல் அடைகொடுக்கிற பலகை, அறுந்த மணிலாக் கயிறு, வலை மிதவைக் கட்டை, பச்சைப் போத்தல் சில்லு, துருப்பிடித்த மார்ஜரின் டின். நான் அழகாக இருக்கிறதே என்று பொறுக்கிவந்த கிளிஞ்சல்களை மட்டும் ஒதுக்கி வைத்தார்.

"இது வேணாம். இது கடலோடது. மனுசன் தூக்கிப் போட்டதை மட்டும் கொண்டா."

அந்த டின்னை அன்றைக்கு ராத்திரிக்குள் அம்மிக் குழவியால் தட்டித் தகடாக்கிவிட்டார். அதை வளைத்து வெட்டினார். கையில் கீறி ரத்தம் வந்தது. விளக்கு வெளிச்சத்தில் சுவரோடு சேர்த்துப் பிடித்துப் பார்த்தார். துரு ஏறிய பக்கம் கீழே, மிச்சம் மேலே. கப்பல்தான். தண்ணீரில் நின்று நின்று அடிவயிறு சிவந்துபோன கப்பல்.

குங்கிலியம் வாங்கி வரச் சொன்னார். அதை இடித்து எண்ணெயில் காய்ச்சிக் குழைத்தால் பசையாக வரும். தொங்கானில் பலகை இடுக்கை அடைப்பதும் அதைக் கொண்டுதான். அந்தப் பசையால் கப்பலை அறையின் பலகைச் சுவரில் ஒட்டினார். சுற்றிலும் சின்னச் சின்ன ஆணி அடித்தார்.

அன்றிலிருந்து எனக்கு இரண்டு வேலை. மசாலைக் கொட்டகை முடிந்ததும் சாக்கோடு கரைக்குப் போவேன். கோயிலில் பார்த்துச் சிரிக்கிற பெண்கள் வழியில் என்னையும் சாக்கையும் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொள்வார்கள். 'புருஷனை உட்காரவைத்துச் சோறு போட வழியில்லாமல் போத்தல் பொறுக்குகிறாள்' என்று ஒருத்தி சொன்னது என் காதுக்கே வந்தது. அவரிடம் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்தால் அவருடைய ஏச்சு. "இதை எதுக்குக் கொண்டாந்தே? இந்தப் பச்சைதான் கூடைகூடையா இருக்கே. கட்டிச் சாயம், பால் ஊத்தாத தேத்தண்ணி நெறம் வேணும்னு சொன்னேனில்ல." மலாக்காக் கடல் கரையோரம் சேற்று நிறம், போகப்போகத்தான் பச்சை, அதற்கும் அப்பால் நீலம். அவர் அதைத்தான் சுவரில் கொண்டுவரப் பார்த்தார். கீழே பீர் போத்தல் சில்லு, அதற்கு மேல் பச்சைச் சில்லு, அதற்கும் மேலே உடைந்த பீங்கான் தட்டுகளின் நீலப் பூ.

அவர் உட்கார்ந்த நிலையில் கை எட்டுகிற உயரம் வரைதான் அந்தக் கடல் இருந்தது. அதற்கு மேல் வெறும் பலகை. நின்றுகொண்டு பார்த்தால் காலடியில் ஏதோ குப்பை ஒட்டியிருப்பதுபோல இருக்கும். பக்கத்தில் உட்கார்ந்தால்தான் கண்ணுக்கு நேரே கப்பல் வரும். "மேல நான் ஒட்டட்டுமா?" என்று ஒருமுறை கேட்டேன். ஒட்டியும் பார்த்தேன். அவர் பார்த்துவிட்டு, "எடுத்துடு" என்று மட்டும் சொன்னார்.

ஆணி அடிக்கிற சத்தம் கேட்டு வீட்டுக்காரம்மா ஒருநாள் வந்துவிட்டார். அந்தச் சுவருக்கு மறுபக்கம்தான் அவருடைய சாமி அறை.

"அடோய்! என் சுவரை என்ன செய்கிறீர்கள்? அந்தப் பக்கம் அம்மன் படம் ஆடுகிறது!"

என் கணவர் ஆணியைக் கீழே வைத்தார். நான் மன்னிப்புக் கேட்டேன். அந்த அம்மா சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சாரோங்கை ஒதுக்கிக்கொண்டு மெதுவாகத் தரையில் உட்கார்ந்தார்.

"இந்தக் கப்பல் எங்கே போகிறது?" என்று கேட்டார்.

"எங்கேயும் போகவில்லை. நிற்கிறது" என்றார் என் கணவர், மலாயில்.

அந்த அம்மா கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து போனார். மறுநாள் ஒரு துணியில் உடைந்த பீங்கான் துண்டுகளைக் கட்டிக்கொண்டுவந்து நீட்டினார். அவருடைய அம்மா காலத்துத் தட்டுகள், உடைந்தும் தூக்கிப்போட மனம் வராமல் வைத்திருந்தாராம். "தூக்கிப் போட்டுக் கரை ஒதுங்கியதுதான் வேண்டும்" என்று சொல்லி என் கணவர் வாங்க மறுத்துவிட்டார். எனக்கு அவமானமாக இருந்தது. அந்த அம்மா கோபித்துக்கொள்ளவில்லை. ஆணி மறுபக்கம் வரக்கூடாது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். சுவருக்கு அந்தப் பக்கம் கையை வைத்துத் தடவிப் பார்ப்பாராம், பிறகு அவரே சொன்னார்.

கடல் நிரம்பியதும் ஆட்களைச் செய்ய ஆரம்பித்தார். செருப்பு அடி ஒன்று தொங்கான் ஆனது. வலைக் கந்தலில் மூட்டைகள் தொங்கின. தக்கைத் தலையும் மரச்சில்லு உடம்புமாகத் தொங்கான் ஆட்கள் முளைத்தார்கள். ஒருவருக்குத் தொப்பை, ஒருவர் தலையில் துண்டு. எனக்கே யார் யார் என்று தெரிந்தது. அவரை மட்டும் காணோம். "நீங்க எங்கே?" என்று கேட்டேன். மூட்டைகளுக்குக் கீழே காலியாக இருந்த இடத்தை விரலால் தொட்டுக் காட்டினார். "இங்கதான். எதை வெச்சு என்னைச் செய்யறதுன்னு தெரியலே."

மெர்டேக்கா, சுதந்திர நாள், வந்தது. டவுனெல்லாம் வளைவு கட்டி, கொடி கட்டி, விளக்குப் போட்டிருந்தார்கள். எனக்கும் பார்க்க ஆசைதான். அவரை விட்டுவிட்டு எப்படிப் போவது என்று சும்மா இருந்தேன். காலையிலேயே தொங்கான் ஆட்கள் சிலர் மூன்று சக்கரப் பெச்சாக்களில் வந்து இறங்கினார்கள். எல்லார் கையிலும் காகிதக் கொடி.

"வாங்கண்ணே, தூக்கிக்கிட்டுப் போறோம். ஊரே சோடிச்சிருக்கு. நல்ல நாளு."

அவர்களுக்குப் பின்னால், கிணற்றடியில், கை காட்டுகிற அந்த ஆள் நின்றிருந்தார். கூட்டிவந்தவர்கள் சமாதானம் செய்துவைக்கத்தான் கூட்டிவந்திருந்தார்கள். மூத்தவர் ஒருவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "அவனும் வந்திருக்கான். இன்னிக்கோட பழசை விட்டுடு தம்பி."

என் கணவர், "ஊரை அப்புறம் பாக்கலாம். மொதல்ல எல்லாரும் உள்ள வாங்க. அவனையும் வரச் சொல்லுங்க" என்றார்.

உள்ளே வந்து நின்றவர்களை, "உக்காருங்க, நின்னா தெரியாது" என்றார். உட்கார்ந்தார்கள். முதலில் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. பிறகு ஒருவர், "டேய், இது நம்ம தொங்கானுடா" என்றார். உடனே அறை கலகலத்துவிட்டது. "அந்தத் தொப்பை நீதான்." "துண்டு கட்டியிருக்கறது நானு." "பொகையைப் பாரு, கயித்தைப் பிரிச்சு ஒட்டியிருக்காரு." நான் கட்டிச்சாயம் போடப் போனேன். எத்தனையோ நாளைக்குப் பிறகு எங்கள் வீட்டில் ஆட்கள் சிரித்தார்கள். தண்ணீர் கொதிப்பதற்குள் அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது.

எட்டிப் பார்த்தேன். எல்லாரும் ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கப்பலின் விளிம்பில், அவர் புதிதாக வைத்திருந்த ஓர் ஆள். கறுத்த கட்டைத் துண்டில் உடம்பு. ஒரு பழைய சீப்பின் முதுகை உடைத்துச் செய்த கைகள். இரண்டு கைகளும் உடம்போடு ஒட்டித் தொங்கிக்கொண்டிருந்தன. அவருக்கு நேர்கீழே மூட்டை வலை.

கை காட்டுகிறவர் அதை வெகுநேரம் பார்த்தார். என் கணவர் அவரைப் பார்த்தார். அந்த ஆள் எழுந்து, வாசலில் விட்டிருந்த செருப்பைக்கூடப் போட்டுக்கொள்ளாமல் கையில் எடுத்துக்கொண்டு போனார். மற்றவர்கள் சாயத்தைக் குடித்துவிட்டு ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். பெச்சாவில் ஏறச்சொல்லி அதற்குப்பிறகு யாரும் என் கணவரைக் கூப்பிடவில்லை. அவர் போவதாகவும் இல்லை. தூரத்தில் பேண்டு வாசிக்கிற சத்தம் மத்தியானம்வரை கேட்டுக்கொண்டிருந்தது.

கொஞ்ச நாள் கழித்து அந்த ஆள் என்னைத் தேடி மசாலைக் கொட்டகைக்கே வந்தார். மிளகாய் நெடியில் இருமிக்கொண்டே பேசினார்.

"அண்ணி, நான் கை தூக்கினேன். எம்புள்ள மேல சத்தியமா தூக்கினேன்."

"அதை ஏன் எங்கிட்ட சொல்றீங்க?"

"அண்ணன் எங்கூடப் பேசவேணாம். என்னை மன்னிக்கவும் வேணாம். அந்தக் கையை மட்டும் கொஞ்சம் தூக்கி வைக்கச் சொல்லுங்க. வேலையில எல்லாரும் என் கையையே பாக்கறானுங்க. நான் கையைத் தூக்குனா சிரிக்கறானுங்க."

எனக்கு அவர்மேல் இரக்கம் வரவில்லை. என் வீட்டுச் சோற்றைத் தின்றுவிட்டு, கிராணியிடம் போய் என் கணவர்மேல் பழியைப் போட்டவர் என்றுதான் அவரை நினைத்திருந்தேன். ஆனாலும் அன்றைக்குச் சாயங்காலம் சொன்னேன். என் கணவர் சீப்புத் துண்டு ஒன்றைக் கல்லில் தேய்த்துக்கொண்டிருந்தார். தேய்ப்பதை நிறுத்தவில்லை.

"அன்னிக்கு அவன் தூக்கலே. இன்னிக்கு நான் எப்படித் தூக்கறது?"

"நீங்க பாத்தீங்களா?"

தேய்க்கிற சத்தம் நின்றது. "பாத்தேன்" என்றார். பிறகு மறுபடி தேய்த்தார்.

அடுத்த மழைக்காலத்தில் அவருடைய வெட்டுப்பட்ட கால் மறுபடி புண்ணானது. ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்று அடம்பிடித்தார். காய்ச்சல் ஏறியது. பாயில் கிடந்தபடி தொங்கான் ஆட்களிடம் பேசுவார். கயிற்றை இழுக்கச் சொல்லுவார். ஒரு மத்தியானம் நான் நெற்றியில் ஈரத்துணி போட்டுக்கொண்டிருந்தேன். கண்ணைத் திறந்தார். காய்ச்சல் கொஞ்சம் விட்டிருந்தது. என்னை நன்றாக அடையாளம் தெரிந்தது.

"வெயிலு புள்ள" என்றார்.

"எங்கே வெயிலு? வெளியே மழை பெய்யுது."

"இப்ப இல்லே. அன்னிக்கு. கப்பலுக்குப் பின்னாடியிருந்து நேரா கண்ணுல அடிச்சுது. ஒண்ணும் தெரியலே."

நான் துணியைப் பிழிந்துகொண்டே இருந்தேன். கண்ணில் வெயில் அடித்திருந்தால் மேலே நிற்கிறவர் கை தூக்கினாரா இல்லையா என்று இவருக்கு எப்படித் தெரிந்திருக்கும்? கேட்கவேண்டும் என்று நினைத்தேன். கேட்கவில்லை. அவர் மறுபடி கண்ணை மூடிக்கொண்டார். அதற்கு அப்புறமும் கொஞ்சநாள் இருந்தார், ஆனால் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஒருநாள் விடியற்காலம் போய்விட்டார். வீட்டுக்காரம்மாதான் முதலில் வந்து அவர் கண்ணை மூடிவிட்டார். தமிழில் அழத் தெரியாமல் மலாயில் அழுதார்.

எடுக்கிற அன்றைக்குக் கை காட்டுகிறவரும் வந்திருந்தார். பாடையைத் தூக்கவும் தோள் கொடுத்தார். ஆனால் அறைக்குள் வரவில்லை.

எல்லாம் முடிந்து நான் தனியாக அந்தச் சுவருக்கு எதிரே உட்கார்ந்தபோது அந்தப் பொம்மைதான் கண்ணில் பட்டது. ஒருவேளை கை காட்டுகிறவர் சொன்னது உண்மையாக இருக்கலாம். ஒருவேளை என் கணவர் சொன்னதும். நான் அங்கே இல்லை. ஆனால் சுவர் ஒரு பக்கத்தைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. அதைச் சொன்ன மனிதர் போய்விட்டார். பல நாள் பார்த்துக்கொண்டே இருந்தேன். கடைசியில், ஒரு கையை மட்டும் கொஞ்சம் உயர்த்தி வைத்துவிடலாம் என்று தோன்றியது. என் கணவருக்குத் துரோகம் செய்கிறேனோ என்று பயமாகவும் இருந்தது. என்னமோ, செய்யாமல் இருக்கமுடியவில்லை.

பசை கல்லாக இறுகியிருந்தது. சூடு காட்டினால் இளகும், அவர் அப்படிச் செய்வதைப் பார்த்திருக்கிறேன். அவர் கரண்டியைக் காய்ச்சி வைப்பார். நான் அவசரத்தில் ஒரு மெழுகுவத்தியைக் கொளுத்திப் பக்கத்தில் பிடித்தேன். பழைய செல்லுலாய்டு சீப்பெல்லாம் எப்படித் தீப்பிடிக்கும் என்று எனக்குத் தெரியாது. பொசுக்கென்று ஒரே மூச்சில் அந்தக் கை எரிந்துவிட்டது. தீ குங்கிலியத்தில் தாவியது. கத்திக்கொண்டே ஈரத்துணியால் அடித்து அடித்து அணைத்தேன். நாற்றத்துக்கு வீட்டுக்காரம்மா ஓடிவந்தார்.

"வீட்டைக் கொளுத்தப் பார்த்தாயா? உனக்கென்ன பைத்தியமா?"

நான் சொல்ல முயன்றேன். அழுகைதான் வந்தது. என் மலாயும் அவ்வளவு போதாது. அவர் என் கையைத் திருப்பிப் பார்த்தார். உள்ளங்கை கொப்பளித்திருந்தது. முணுமுணுத்துக்கொண்டே போய் எண்ணெய் எடுத்து வந்து தடவினார்.

சுவரில் அந்த ஆளுக்கு ஒரு கை தொங்கிக்கொண்டிருந்தது. இன்னொரு கை இருந்த இடத்தில் கறுப்பாகக் கருகிப்போயிருந்தது. கருகல் கப்பல்வரை ஏறியிருந்தது. நான் அதன் பிறகு அதைத் தொடவில்லை. கரைக்கும் போகவில்லை. சாக்கில் மிச்சமிருந்த சில்லுகளை என்ன செய்வதென்று தெரியாமல் மூலையிலேயே வைத்திருந்தேன். எனக்கு அவற்றில் ஒன்றும் தெரியவில்லை. எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் உடைந்த போத்தலாகத்தான் இருந்தன.

சில வருஷம் கழித்து வீட்டுக்காரம்மாவின் மகன்கள் பின்கட்டைக் கல் வைத்துக் கட்டத் தொடங்கினார்கள். எனக்கு வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள், அவசரப்படுத்தவில்லை. பலகைகளைக் கழற்றிய அன்று போயிருந்தேன். ஒவ்வொரு பலகையாக உருவ உருவ, கடல் பொலபொலவென்று தரையில் கொட்டியது. தச்சர், "காலை வெட்டிடும், தள்ளிப் போங்க" என்று என்னை விரட்டினார். வீட்டுக்காரம்மா கப்பலை மட்டும் பெயர்த்து எடுத்துத் துடைத்தார். அதைத் தன் சாமி அறையில் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். "உனக்கு எதுவும் வேண்டாமா?" என்றார். வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். பலகையெல்லாம் விறகுக்குப் போனது. குங்கிலியம் ஊறிய பலகை, நன்றாக எரியும் என்று யாரோ கேட்டு வாங்கிப்போனார்கள்.

அதற்கும் வெகுநாள் கழித்து, செங் என்கிற ஊர்ப்பக்கம் குடியிருந்தபோது, ஒருநாள் டவுன் பஸ் ஸ்டேஷனில் கை காட்டுகிற அந்த ஆளைப் பார்த்தேன். தொங்கான் வேலையை விட்டுவிட்டு பஸ் கழுவிக்கொண்டிருந்தார். தலை நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் வாளியை வைத்துவிட்டு வந்தார்.

"நல்லா இருக்கீங்களா அண்ணி?"

"இருக்கேன். நீங்க?"

"ஓடுது. இன்னும் அந்த வீட்டுலதானா?"

"இல்லே. எப்பவோ மாறிட்டேன். பின்கட்டை இடிச்சுட்டாங்க."

அவர் தன் ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். "அந்தப் பலகையெல்லாம்?"

"வெறகுக்குப் போச்சு."

தலையை ஆட்டினார். சந்தோஷப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அப்படி ஒன்றும் தெரியவில்லை.

"அண்ணன் நல்லா செஞ்சிருந்தாரு அண்ணி. அந்தக் கப்பலு அப்படியே இருந்துச்சு. நான் கண்ணை மூடினா இன்னும் அதுதான் வருது."

வெயிலைப் பற்றி அவரிடம் சொல்லவேண்டும் என்று வாயெடுத்தேன். என் கணவர் கடைசியில் என்னிடம் மட்டும் சொன்னதை எப்படிச் சொல்வது என்று தடுமாறினேன். சொன்னால் இவருக்கு நிம்மதி. சொல்லாவிட்டால் அவருக்கு மரியாதை. நான் யோசித்து முடிப்பதற்குள் யாரோ அவரை வேலைக்குக் கூப்பிட்டுச் சத்தம் போட்டார்கள். "வரேன் அண்ணி" என்று சொல்லிவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு ஓடினார். என் பஸ்ஸும் வந்துவிட்டது.

அடுத்த வாரம் அதற்காகவே டவுனுக்குப் போனேன். வேறொருவர் பஸ் கழுவிக்கொண்டிருந்தார். அவரைப் பற்றி விசாரித்தேன். மகனோடு வேறு ஊருக்குப் போய்விட்டாராம். எந்த ஊர் என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை.